பல்கலைக்கழகப் பேரவை: மலையகப் பெற்றோரும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்திலிருந்து பேராதனைக்கும் பதுளை ஊவா வெல்லஸ்ஸவுக்கும் போன பிள்ளைகளின் வீட்டுக்கு அவ்வப்போது ஒரு கடிதம் வரும். அதில் “பேரவையின் தீர்மானப்படி” என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைக் காட்டி என்னிடம் கேட்டவற்றை, கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்திருக்கிறேன். இரண்டு பல்கலைக்கழகமும் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் இயங்குபவை என்பதால் பதில்கள் இரண்டுக்கும் பொருந்தும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இதில் சேராது. அது கல்வி அமைச்சின் கீழ் உள்ளது, அங்கே பேரவை கிடையாது.

பேரவை பேரவைங்கிறாங்களே, அது யாருங்க? துணைவேந்தருக்கு மேலயா, கீழயா?

பேரவைதான் பல்கலைக்கழகத்தின் ஆளும் சபை. சொத்து, காசு, நியமனம், ஊழியர் மீதான ஒழுக்காற்று நடவடிக்கை, ஒப்பந்தம் என்று நிர்வாகம் சம்பந்தப்பட்ட எதிலும் பல்கலைக்கழகத்துக்குள் கடைசி முடிவு அதனுடையது. கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர் துணைவேந்தர். முடிவு எடுத்த பிறகு அதை நடைமுறைப்படுத்த வேண்டியவரும் அவரே. ஆகவே தலைவர் என்றாலும் பேரவையின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர். வேந்தர் என்பவர் வேறு. பட்டமளிப்பு விழாவில் நடுவில் அமர்பவர் அவர், அன்றாட நிர்வாகத்தில் அவருக்கு வேலை இல்லை.

இது புதிதாக வந்த ஏற்பாடும் அல்ல. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் தொடங்கியபோதே பேரவையும், படிப்பு விஷயங்களைப் பார்க்கும் மூதவையும் இருந்தன. 1952இல் பல்கலைக்கழகம் பேராதனையில் ஹந்தானை மலை அடிவாரத்துக்கு வந்தபோது அவையும் கூடவே வந்தன. இடையில் 1972 முதல் 1978 வரை நாட்டுக்கு ஒரே பல்கலைக்கழகம் என்று ஆக்கிப் பேராதனையை அதன் ஒரு வளாகமாக வைத்திருந்தார்கள். இப்போதுள்ள பேரவை 1978 சட்டத்தின் பிள்ளை.

அதுல யார் யார் உட்கார்ந்திருக்காங்க? நம்ம ஆளுங்க இருப்பாங்களா?

உள்ளே இருந்து துணைவேந்தர், பீடாதிபதிகள், மூதவை தன் உறுப்பினர்களில் இருந்து தெரிவு செய்து அனுப்பும் இரண்டு பேர். வெளியே இருந்து வருபவர்களைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கிறது. கல்வி, தொழில், வர்த்தகம், விஞ்ஞானம், நிர்வாகம் போன்ற துறைகளில் பேர் எடுத்தவர்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பதவிக்காலம் மூன்று வருடம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், உள்வாரி உறுப்பினர்களைவிட வெளிவாரி உறுப்பினர்கள் ஒருவர் அதிகம். பேராசிரியர்கள் எல்லோரும் ஒரு பக்கம் நின்றாலும் வெளியாட்கள் சேர்ந்தால் அவர்கள் கை ஓங்கும். வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் வெளிவாரி உறுப்பினர் வீட்டுக்கு வந்த தடித்த கோப்பைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கூட்டத்துக்கு வந்தால் அந்த ஏற்பாட்டால் ஒரு பயனும் இல்லை. மலையகத் தமிழர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. அதைக் கேட்க வேண்டிய இடம் ஆணைக்குழு, அதுவும் மூன்று வருடம் முடிந்து புதிய நியமனம் வரும் காலம். நம் அமைப்புகள் பெரும்பாலும் பட்டியல் வெளியான பிறகுதான் அறிக்கை விடுகின்றன.

மாணவர் பிரதிநிதி பேரவையில இல்லையா?

இல்லை. பீடச் சபையில் மாணவர் பிரதிநிதிகளுக்கு இடம் உண்டு, பரீட்சை சம்பந்தமான விஷயங்கள் வரும்போது மட்டும் அவர்கள் வெளியே இருக்க வேண்டும். பேரவைக்கு மாணவர் குரல் போவதென்றால் பீடாதிபதி வழியாகத்தான்.

மூதவைன்னு ஒண்ணு சொல்றாங்க, பேரவைன்னு ஒண்ணு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணா?

வேறு வேறு. படிப்பு, பாடத்திட்டம், பரீட்சை, பட்டம் எல்லாம் மூதவையின் பொறுப்பு. அங்கே இருப்பவர்கள் கற்பிப்பவர்கள்: பீடாதிபதிகள், துறைத் தலைவர்கள், பேராசிரியர்கள், நூலகர் போன்றோர். கல்வி சம்பந்தமான எந்த விஷயத்திலும் மூதவை தன் கருத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் பேரவை தீர்மானம் எடுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

நடைமுறையில் இரண்டும் கோத்துக்கொள்ளும். ஊவா வெல்லஸ்ஸவில் தேயிலைத் தொழில்நுட்பம் ஒரு பட்டப் படிப்பு. அதுபோல் ஒரு புதுப் படிப்பைத் தொடங்க வேண்டுமென்றால், என்ன கற்பிப்பது என்பதை மூதவை பார்க்கும். விரிவுரையாளர் இடம், ஆய்வுகூடம், இயந்திரம் வாங்கும் காசு இதெல்லாம் பேரவைக்கு வரும். பிறகு ஆணைக்குழுவின் அனுமதியும் வேண்டும். இந்த மூன்று மேசையையும் தாண்டித்தான் புதிய படிப்பு வருகிறது.

பரீட்சை ரிசல்ட் பிந்திக்கிட்டே போகுது. பேரவைக்கு ஒரு பெட்டிசன் போட்டா என்ன?

போடலாம், அது பீடத்துக்கே திரும்பி வரும். முதலில் பீடத்தின் உதவிப் பதிவாளர், அடுத்து பீடாதிபதி என்று போவதுதான் குறுக்கு வழி.

இலவசக் கல்வின்னா பல்கலைக்கழகத்துக்குக் காசு எங்கிருந்து வருது?

பெரும்பகுதி திறைசேரியிலிருந்து வருகிறது. ஒவ்வொரு வருடமும் பேரவை மதிப்பீடு தயாரித்து மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பும். எல்லாப் பல்கலைக்கழகங்களின் கணக்கும் சேர்ந்து வரவுசெலவுத் திட்டத்துக்குள் போய், பாராளுமன்றம் ஒதுக்கீட்டுச் சட்டத்தை நிறைவேற்றிய பிறகு காசு கீழே இறங்கும். கேட்டது ஒன்று, கிடைப்பது ஒன்று. அந்தக் குறைவை எந்தப் பீடம் எவ்வளவு தாங்குவது என்பதில்தான் பேரவைக்குள் உண்மையான சண்டை.

காசு இரண்டு பையில் வரும். சம்பளம், மின்சாரம், தண்ணீர், காவல் போன்றவற்றுக்கு மீண்டெழும் செலவு. கட்டடம், இயந்திரம், பெரிய திருத்த வேலைக்கு மூலதனச் செலவு. ஒரு பையிலிருந்து எடுத்து மற்றதில் போட பேரவைக்குத் தன்னிச்சையான அதிகாரம் இல்லை. மின்கட்டணம் ஏறி முதல் பை காலியானாலும் கட்டடக் காசைத் தொட முடியாது.

மூன்றாவதாகப் பல்கலைக்கழகம் தானே தேடும் காசும் இருக்கிறது. பட்டப்பின் படிப்புக் கட்டணம், வெளிவாரிப் பட்டம், குறுகிய காலப் பயிற்சிநெறி, ஆலோசனைச் சேவை போன்றவற்றில் வருவது. இதில்தான் பேரவைக்குக் கொஞ்சம் கை வீச இடம். கணக்காய்வுக் கேள்விகள் அதிகம் வருவதும் இதிலிருந்துதான்.

வருஷக் கடைசியில மட்டும் அவசர அவசரமா பெயின்ட் அடிக்கிறாங்களே, ஏன்?

நிதியாண்டு டிசம்பர் 31உடன் முடிகிறது. அந்த வருடத்துக்கு ஒதுக்கிய மூலதனக் காசு அதற்குள் செலவாகாவிட்டால் பொதுவாக அடுத்த வருடத்துக்கு உருண்டு போகாது. விலைமனு, தொழில்நுட்ப மதிப்பீடு என்று பத்து மாதம் போனபின் மிஞ்சுவது நவம்பரும் டிசம்பரும்தான். சிறிய வேலைகள் அந்த இரண்டு மாதத்தில் முடியும், அதனால் பெயின்ட். எனக்குக் கோபம் பெயின்ட் மேல் இல்லை. ஜனவரியிலேயே பெறுகைத் திட்டம் (எதை எப்போது வாங்குவது, செய்விப்பது என்ற திட்டம்) போட்டிருந்தால் அதே காசில் கூரையை மாற்றியிருக்கலாம்.

சில வருடம் தொடக்கமே பிந்தும். 2025க்கான வரவுசெலவுத் திட்டம் அந்த வருடம் பெப்ரவரி 17ஆம் திகதிதான் முன்வைக்கப்பட்டது. அதுவரை இடைக்காலக் கணக்கறிக்கையில் நாடு ஓடியது. அப்படிப்பட்ட வருடத்தில் புது வேலையை யாரும் துணிந்து தொடங்கமாட்டார்கள்.

விடுதி கட்ட காசு ஒதுக்கியாச்சுன்னு பேப்பர்ல வந்துச்சு. இன்னும் பில்லர் மட்டும் நிக்குது. பேரவை தூங்குதா?

தூங்குகிறதோ இல்லையோ, அந்தப் பில்லருக்கு முன்னால் நடப்பதைச் சொல்கிறேன். முதலில் விடுதி தேவை என்ற முன்மொழிவு. அதற்கு நிதிக்குழுவின் பார்வை, பேரவையின் அங்கீகாரம், பெரிய திட்டமென்றால் ஆணைக்குழு, அமைச்சு, திட்டமிடல் திணைக்களம். பிறகு வரைபடம், மதிப்பீடு, விலைமனு. விலைமனுக்களைத் தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு ஆராய்ந்து பெறுகைக் குழுவுக்குச் சிபாரிசு செய்யும். தொகை ஓர் எல்லைக்கு மேல் போனால் முடிவு அமைச்சு மட்டப் பெறுகைக் குழுவுக்கோ அமைச்சரவை நியமித்த குழுவுக்கோ போய்விடும். அப்போது பேரவையின் கையில் இருப்பது தன் முன்மொழிவு மட்டும்.

மலைநாட்டுக்கு இன்னொரு படி உண்டு. சரிவான நிலத்தில் கட்டுவதென்றால் மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை தேவை. பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் இதைத் தவிர்க்கவும் முடியாது, தவிர்க்கவும் கூடாது. மண் சரிந்து லயமே புதைந்ததைப் பார்த்தவர்கள் நாம். தாங்குசுவர் கூடுதலாக வேண்டும் என்று அறிக்கை வந்தால் மதிப்பீடு ஏறும், மதிப்பீடு ஏறினால் கோப்பு மறுபடி மேலே போகும்.

அப்புறம் 2022. பொருளாதார நெருக்கடியில் சீமெந்தும் கம்பியும் விலை தாவின, பழைய விலைக்கு ஒப்புக்கொண்ட ஒப்பந்தக்காரர்கள் கையை விரித்தார்கள். நாடு முழுவதும் நின்றுபோன கட்டடங்களில் பல அந்தக் காலத்தவை. இத்தனைக்கும் பிறகும் பேரவையைக் கேள்வி கேட்கலாம். ஆனால் “ஏன் கட்டவில்லை” என்று கேட்டால் ஒற்றை வரிப் பதில்தான் வரும். “இந்தத் திட்டத்தின் கோப்பு இப்போது எந்தக் கட்டத்தில், யாரிடம் இருக்கிறது” என்று கேளுங்கள். அப்போது மழுப்ப முடியாது.

மகாபொல காசு ரெண்டு மாசமா வரல. பேரவை நிறுத்திடுச்சா?

மகாபொலவுக்கும் பேரவைக்கும் சம்பந்தமில்லை. அது மகாபொல நம்பிக்கை நிதியம் கொடுக்கும் புலமைப்பரிசில் காசு. பல்கலைக்கழகம் பிள்ளைகள் வகுப்புக்கு வந்த வரவு விபரத்தை அனுப்பி, வந்த காசைப் பிள்ளைகளுக்குச் சேர்ப்பிக்கிறது, அவ்வளவுதான். மாணவர் நலன் பிரிவில் விசாரியுங்கள்.

எம்பிகிட்ட ஒரு லெட்டர் வாங்கிக் குடுத்தா பேரவையில சொல்லி வேலை போட்டுக் குடுப்பாங்களா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நியமனம் செய்வது பேரவைதான், ஆனால் நினைத்தபடி அல்ல. முதலில் அங்கீகரித்த ஆளணியில் வெற்றிடம் இருக்க வேண்டும். அந்த எண்ணிக்கையைத் தீர்மானிப்பது திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம். தகைமை என்ன என்பதை ஆணைக்குழுவின் ஆட்சேர்ப்புத் திட்டம் சொல்லும். விளம்பரம், விண்ணப்பம், தெரிவுக்குழு, அதன் சிபாரிசு, கடைசியில் பேரவையின் அங்கீகாரம். இந்த வரிசையில் கடிதத்துக்கு எங்கும் இடமில்லை.

கடிதத்தால் வேலை கிடைத்த கதைகள் நம் பக்கத்தில் நிறைய உண்டு, மறுக்கவில்லை. அப்படிப் போனவர் தற்காலிகமாகவே வருடக்கணக்கில் கிடந்து, நிரந்தரமாக்கும்போது கணக்காய்வு கேள்வி எழுப்பி, நடுவில் தொங்கிய கதைகளும் உண்டு. கடிதம் கொடுத்தவர் அதற்குள் தேர்தலில் தோற்றிருப்பார். எம்பி வீட்டு வாசலில் நிற்கும் நேரத்தில் விளம்பரத்தை முழுதாகப் படித்து, கேட்ட சான்றிதழ்ப் பிரதிகளைச் சரியாக இணைத்து, முடிவுத் திகதிக்கு முன்னால் பதிவுத் தபாலில் போடுங்கள். விண்ணப்பங்கள் முதல் சுற்றிலேயே கழிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சம்பளத்தக் கூட்டச் சொல்லி ஊழியர்கள் ஸ்ட்ரைக் பண்றாங்க. பேரவை கூட்டிக் குடுத்தா முடிஞ்சிருமே?

சம்பள அளவை ஒரு பல்கலைக்கழகம் தனியாக மாற்ற முடியாது. அது அரசாங்கத்தின் தீர்மானம், ஆணைக்குழுவின் சுற்றறிக்கையாக எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் ஒன்றாக வரும். வேலைநிறுத்தம் பேராதனையில் நடந்தாலும் பேச்சுவார்த்தை கொழும்பில் நடப்பது அதனால்தான்.

துணைவேந்தரைப் போடுறது பேரவையா, ஜனாதிபதியா?

இரண்டும். பேரவை விண்ணப்பம் கோரி மூன்று பேரைத் தெரிவு செய்து அனுப்பும், ஆணைக்குழு சிபாரிசு செய்யும், ஜனாதிபதி நியமிப்பார். மூன்று வருடப் பதவி. பேரவையில் அதிக வாக்கு எடுத்தவரைத்தான் நியமிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதால் ஒவ்வொரு முறையும் சர்ச்சை கிளம்பும். வெளிவாரி உறுப்பினர் நியமனத்தில் எல்லோரும் கண் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

துணைவேந்தர் தானே முடிவெடுத்துட்டு, பிறகு பேரவையில ஒப்புதல் வாங்கிக்கலாமா?

பேரவை பொதுவாக மாதம் ஒரு தடவை கூடும். இடையில் மழைக்குச் சுவர் விழுந்தால் அடுத்த கூட்டம் வரை பார்த்துக்கொண்டிருக்க முடியாது. துணைவேந்தர் நடவடிக்கை எடுத்துவிட்டு அடுத்த கூட்டத்தில் அறிவித்துப் பின்னங்கீகாரம் வாங்குவார். இது எல்லா இடத்திலும் நடப்பது.

சிக்கல் எங்கே என்றால், அவசரமே இல்லாத விஷயங்களும் இந்த வாசலால் நுழைவதில்தான். காசு கொடுத்தாகிவிட்டது, ஆள் வேலைக்கு வந்துவிட்டார், இனி வேண்டாம் என்று சொல்ல எந்த உறுப்பினருக்கு மனம் வரும்? ஒரு பேரவை எவ்வளவு விழிப்பாக இருக்கிறது என்று பார்க்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி, ஒரு வருடத்துக் கூட்டக் குறிப்புகளில் பின்னங்கீகாரம் எத்தனை என்று எண்ணுவதுதான்.

எங்க மாமா கனடாவுல இருக்காரு. தோட்டத்துப் பிள்ளைகளுக்குன்னு பேராதனையில ஒரு நிதி வைக்கணுமாம். யாருகிட்ட குடுக்கணும்?

நன்கொடையை ஏற்பது பேரவையின் அதிகாரம். மாமா பதிவாளருக்கு எழுதட்டும். தொகை, யாருக்கு, எந்தத் தகைமையில், வருடத்துக்கு எத்தனை பேருக்கு, முதலைத் தொடாமல் வட்டியில் கொடுப்பதா என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்க வேண்டும். பேரவை ஏற்றுக்கொண்டால் விதிகளுடன் தனி நிதியாக வைப்பார்கள். தேருக்கு வசூலித்த காசில் கோயில் கமிட்டி அன்னதானம் போடக் கூடாது அல்லவா, அதேபோல் இந்தக் காசையும் வேறு செலவுக்குத் திருப்ப முடியாது.

ஒரு எச்சரிக்கை. “தோட்டத்துப் பிள்ளை” என்று மட்டும் எழுதினால் யார் அது என்று பின்னால் தகராறு வரும். பெற்றோரில் ஒருவர் தோட்டத் தொழிலாளி, குறிப்பிட்ட மாவட்டங்கள் என்று அளந்து எழுதச் சொல்லுங்கள்.

பேரவையில என்ன பேசினாங்கன்னு நம்ம பார்க்க முடியுமா? தமிழ்ல கேட்டா பதில் வருமா?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். பல்கலைக்கழகமும் ஒரு பகிரங்க அதிகாரசபைதான், அங்கே தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. ஒருவரின் தனிப்பட்ட விபரம், பரீட்சை இரகசியம் போன்றவற்றை மறைத்துவிட்டு மீதியைத் தருவார்கள். உங்கள் கடிதத்தில் பேரவைக் கூட்டத்தின் இலக்கமோ திகதியோ இருந்தால் அதைக் குறிப்பிட்டு, அந்தப் பகுதியை மட்டும் கேளுங்கள். பதில் சீக்கிரம் வரும்.

தமிழில் எழுதுங்கள். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் அரச அலுவலருக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. வேண்டுமானால் கடிதத்தின் கீழே அந்த உறுப்புரை எண்ணை எழுதிவிடுங்கள், அடிக்கடி வேலை செய்யும்.

காசைத் தின்னா யாரு கேட்குறது?

உள்ளே உள்ளகக் கணக்காய்வுப் பிரிவும் பேரவையின் கணக்காய்வுக் குழுவும். வெளியே கணக்காய்வாளர் நாயகம். அவருடைய அறிக்கை பாராளுமன்றத்துக்குப் போகும், அங்கே அரச நிறுவனங்களின் கணக்கை ஆராயும் கோப் குழு துணைவேந்தரையும் நிதியாளரையும் அழைத்துக் கேட்கும். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் வந்த பிறகு, நட்டத்துக்குக் காரணமானவரிடமிருந்தே அறவிடவும் இடம் இருக்கிறது. கணக்காய்வு அறிக்கைகள் பகிரங்கமானவை, தமிழிலும் வருகின்றன. பத்திரிகைச் செய்தியை நம்புவதைவிட அதைப் படிக்கலாம்.

பேராதனைப் பேரவை மனசு வச்சா ஹட்டன்ல ஒரு கேம்பஸ் திறக்கலாம்ல? மலையகப் பல்கலைக்கழகம்னு எத்தனை காலமாக் கேட்குறோம்!

பேரவையால் முடியாது. பல்கலைக்கழகம், வளாகம், பீடம் எதை நிறுவுவதென்றாலும் அமைச்சரின் கட்டளை வர்த்தமானியில் வர வேண்டும். 2005இல் ஊவா வெல்லஸ்ஸ வந்ததும் அப்படித்தான். பேரவை முன்மொழியலாம், ஆய்வறிக்கை தயாரிக்கலாம், இருக்கும் ஆளணிக்குள் ஒரு பயிற்சிநெறியை வெளியூரில் நடத்த ஆணைக்குழுவிடம் அனுமதி கேட்கலாம். கட்டடத்துக்கு அடிக்கல் வைத்ததும் பல்கலைக்கழகம் வந்துவிட்டது என்று மாலை போட்டுக்கொள்பவர்களிடம் வர்த்தமானி இலக்கத்தைக் கேளுங்கள்.

அரசாங்கம் மாறினா பேரவையும் மாறுமா? பேரவையக் கலைக்க முடியுமா?

பதவிக்காலம் மூன்று வருடம் என்று மேலே சொன்னேன். ஆனால் ஆட்சி மாறியதும் வெளிவாரி உறுப்பினர்கள் விலகிப் புதியவர்கள் வருவது இங்கே வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம் என்று சொல்லமாட்டேன், பாதியில் நிற்கும் கோப்புகளைப் புதியவர்கள் முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய நெருக்கடியில், பல்கலைக்கழகம் இயங்க முடியாத நிலை வந்தால், தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரை நியமிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அபூர்வமாகவே அந்த வழியில் போவார்கள்.

சரி, பேரவை எடுத்த முடிவே பிழைன்னா எங்க போறது?

நீங்கள் ஊழியர் என்றால், நியமனம், பதவி உயர்வு, ஒழுக்காற்று விஷயங்களுக்குப் பல்கலைக்கழகச் சேவைகள் மேன்முறையீட்டுச் சபை இருக்கிறது. மாணவர் என்றால் முதலில் பேரவைக்கே மேன்முறையீடு எழுதுங்கள். பதிவாளருக்கு முகவரியிட்டு, பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் எழுத்தாணை (ரிட்) கேட்டு மேன்முறையீட்டு நீதிமன்றம், அடிப்படை உரிமை மீறல் என்றால் உயர் நீதிமன்றம்.

அடிப்படை உரிமை வழக்குக்கு மீறல் நடந்ததிலிருந்து ஒரு மாதம்தான் அவகாசம். தலைவரைப் பார்க்கலாம், எம்பியைப் பார்க்கலாம் என்று அலைவதிலேயே அந்த மாதம் ஓடிவிடுகிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் கண்டியிலும் பதுளையிலும் இருக்கின்றன. கடிதம், அது வந்த உறை, முத்திரைத் திகதி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.